கோல் குலம் கேட்பதில்லை

பெண்ணைப் பீங்கானுக்கு ஒப்பிட்டுப் பேசுவது எங்கள் வட்டாரத்தில் ஊறிப்போன வழக்கம். நல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி, விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்குக் கூலிக்குச் செல்வோர் பலர்; நானும் அவர்களில் ஒருவன். ஆகவே, உவமை தேடி எங்கள் பெரியவர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. "பெண் என்பவள் பீங்கானப்பா! கைதவறினால் போச்சு, ஒட்ட வைக்க முடியாது" என்பார்கள். கேட்டுத் தலையசைப்போர் உண்டு, "ஆகா, எத்துணை அழகான உவமை!" என்று வியப்போரும் உண்டு.

சூளையருகே ஆண்டுக்கணக்கில் வெந்தவன் என்ற உரிமையில் ஒன்று கூறுவேன். அலமாரியில் அடைத்துவைத்து அழகு பார்க்கிறார்களே, அந்தப் பொம்மை மட்டுமா பீங்கான்? மின்கம்பத்தின் உச்சியிலே, வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் நின்று, தொட்டாரைச் சுடும் மின்சாரக் கம்பியைத் தாங்கிப் பிடிக்கிறதே வெள்ளைக் குமிழ், அதுவும் பீங்கான்தான். ஆயிரத்து இருநூறு பாகைக்கு மேல் வெந்து வெளிவந்த மண் அது. மண் ஒன்று, அதனைப் பொம்மையாக்குவதா, ஊருக்கு ஒளி தரும் கம்பியைத் தாங்கவைப்பதா என்பது செய்கிறவன் முடிவு. பெண்ணைப் பீங்கான் என்போர் இரண்டாவது பீங்கானை எண்ணிச் சொல்வதில்லை. அதுதான் எனக்கு வழக்கு.

இந்த வழக்கிலே நான் அழைக்கும் முதற்சாட்சி, அரியானா மாநிலத்து ஃபதேகாபாத் மாவட்டத்தில், போஸ்தி என்னும் சிற்றூரிலே பிறந்த பூஜா சிங். தந்தை கொத்தனார். செங்கல்லும் சாந்தும் சுமந்த கைகளின் வருவாயிலே வளர்ந்த பெண். உயரம் தாண்டப் பழகத் தொடங்கியபோது அவளுக்குக் கிடைத்த குறுக்குக்கோல் மூங்கில் கழி; கிடைத்த மெத்தை, நெற்பயிரின் கழிவைத் திணித்த சாக்கு மூட்டைகள். அந்தப் பெண், 2025 மே மாதம் தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், தன் 18ஆம் வயதில், 1.89 மீட்டர் உயரத்தைத் தாண்டித் தங்கம் வென்றாள். ஆசியத் தடகளப் போட்டியின் மகளிர் உயரம் தாண்டுதலில், 2000ஆம் ஆண்டு கேரளத்து பாபி அலோசியஸ் வென்றதற்குப் பிறகு, இந்தியப் பெண்ணொருத்தி தங்கம் தொட்டது அப்போதுதான்.

1.89 என்ற எண்ணைக் கேட்டதும் நமக்கு இன்னொருவர் நினைவு வரவேண்டும். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஒரு கால் சிதைந்த நிலையில், 2016இல் இரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற உயரமும் அதே 1.89 மீட்டர்தான். காய்கறி விற்ற தாயின் மகன் அவர். கொத்தனாரின் மகள் இவள். கோல் ஒன்றே, உயரம் ஒன்றே. "உன் தந்தை யார்? தாய் யார்? எந்தத் தெரு?" என்று அந்தக் கோல் இருவரையும் கேட்கவில்லை.

"அரியானாவா! பெண் குழந்தையைக் கருவிலேயே கொல்லும் நாடாயிற்றே!" என்று வியப்பார் சிலர். உண்மை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 6 வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தனர். ஆனால், தோழர்களே, அரியானாவை நோக்கி விரல் நீட்டுமுன் அதே கணக்கெடுப்பில் நம் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டின் சராசரி 943 ஆக இருந்தபோது, எங்கள் கடலூர் மாவட்டத்தில் அந்த எண் 896. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நூற்று நான்கு பெண் குழந்தைகள் குறைவு! பிறக்கவே இடந்தராத மண்ணிலே, பிறந்தவள் பறப்பதற்கு யார் இடந்தருவார்?

பிறந்து, வளர்ந்து, தாண்டவும் தொடங்கிய ஒருத்தியை நான் அறிவேன். அவள் என் அக்கா.

எனக்கு அப்போது பத்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. கோடையிலே மணிமுத்தாறு வற்றி, மணல் பஞ்சுபோல் கிடக்கும். இரண்டு கழிகளை நட்டுக் கயிறு கட்டுவோம். கழி கிடைக்காத நாளில் கயிற்றின் ஒரு முனை என் கையில் இருக்கும். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் ஓடிவந்து, கத்தரி விரிவதுபோல் கால்களை வீசி அவள் தாண்டுவாள். தெருப் பையன்கள் ஒவ்வொருவராய் விலகிக்கொள்வார்கள். கடைசியில் அவளும் கயிறும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஒருநாள் தையற்காரரிடம் நாடா வாங்கி அளந்தோம்: நாலே கால் அடி! பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், மாவட்டப் போட்டிக்கு அவள் பெயரை எழுதிவிட்டார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் அவள் பெரியவளானாள். பச்சை ஓலைக் குடிசை வந்தது. தனித் தட்டு வந்தது. தனிப் பாய் வந்தது. தொடர்ந்து சோதிடரும் வந்தார். பூப்பெய்திய நாழிகையைக் கேட்டார், விரலை மடக்கினார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "நேரம் சரியில்லை. நாற்பத்தெட்டு நாள் பெண் வாசல் தாண்டலாகாது" என்று தீர்ப்புக் கூறி, காணிக்கை பெற்றுக்கொண்டு நடந்தார். நாற்பத்தெட்டு நாளும் கழிந்தன. வாசல் தாண்டலாம் என்றானது. கயிறு தாண்டலாம் என்று மட்டும் எவரும் கூறவில்லை. "வயசுப் பெண் குதித்தால் கருப்பை இறங்கிவிடும்" என்றாள் ஒரு கிழவி. "ஊர் சிரிக்கும்" என்றார் பாட்டனார். பள்ளிக்கூடமும் அத்தோடு நின்றது.

இன்று அக்காவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. இருபது ஆண்டுக்காலம் ஈரக் களிமண்ணைச் சட்டி சட்டியாய்த் தலையில் சுமந்தாள். வயிற்றிலே பிள்ளையைச் சுமந்த மாதங்களிலும் தலையிலே மண்ணைச் சுமந்தாள். அப்போது எந்தக் கிழவியும் வந்து கருப்பையைப் பற்றிக் கவலைப்படவில்லை. எந்தப் பாட்டனாரும் ஊர் சிரிக்குமென்று அஞ்சவில்லை. எந்தச் சோதிடரும் நேரம் பார்க்கவில்லை. கூலிக்குச் சுமக்கும்போது இரும்பாயிருக்கும் உடல், மகிழ்ச்சிக்குத் தாண்டும்போது மட்டும் பீங்கானாகிவிடுமோ? இந்த ஒரு கேள்விக்கு மறுமொழி கிடைத்தால், பெண்ணின் மென்மையைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை ஏடுகளையும் நான் வணங்கி ஏற்றுக்கொள்வேன்.

மறுமொழி எங்கும் கிடைக்கவில்லை. மேலைநாட்டாரும் அந்நாளில் இதே கதையைத்தான் கோட்டும் கண்ணாடியும் அணிந்து கூறினர். புதிய ஒலிம்பிக் போட்டிகள் 1896இல் தொடங்கின. அவற்றைத் தோற்றுவித்த கூபர்டேன் பிரபு, பெண்கள் களமிறங்குவதையே எதிர்த்தவர். தடகளத்தின் கதவு பெண்களுக்குத் திறக்க 32 ஆண்டுகள் ஆயின. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் ஐந்தே ஐந்து போட்டிகளில் அவர்களை விட்டார்கள். அவற்றில் ஒன்று உயரம் தாண்டுதல். கனடாவின் எத்தல் கேத்தர்வுட் 1.59 மீட்டர் தாண்டி வென்றார். அதே ஆண்டு 800 மீட்டர் ஓட்டத்தில் ஒன்பது பெண்கள் இறுதிவரை ஓடி முடித்தனர். களைத்து மூச்சு வாங்கினர். ஓடியவர் மூச்சு வாங்குவது உலக இயல்பு. ஆனால், "பார்த்தீர்களா! பெண் உடல் தாங்கவில்லை" என்று ஏடுகள் இட்டுக்கட்டின. அந்த ஓட்டம் 1960 வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. எங்கள் கிழவிக்கு எழுத்தறிவு இல்லை, அவர்களுக்கு இருந்தது. மடமை இருவருக்கும் பொது.

உயரம் தாண்டுதலின் சட்டத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இரு தூண்கள், நடுவே நான்கு மீட்டர் நீளக் கோல். ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும். எந்த உயரத்தில் தொடங்குவது என்பதைத் தாண்டுகிறவரே முடிவு செய்யலாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். கோல் நின்றால் வெற்றி, விழுந்தால் தோல்வி. இதிலே தட்சணைக்கு வேலையில்லை, பரிந்துரைக்கு இடமில்லை, பிறப்புச் சான்று பார்த்துக் கோலைத் தாழ்த்தவோ உயர்த்தவோ வழியில்லை. மனிதன் கண்ட அளவைகளிலே இதனினும் நேர்மையானது அரிது. அதனால்தான் பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோருக்கு இந்தக் கோலைக் கண்டால் அச்சம். கோலை அவர்களால் வளைக்க முடியாது. ஆகவே, கோலுக்குச் செல்லும் வழியை அடைப்பார்கள்.

செர்மனியில் அடைத்தார்கள். கிரெட்டல் பெர்க்மன் யூதக் குலத்துப் பெண். உயரம் தாண்டுதலில் வல்லவர். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அவருடைய சங்கமே அவரை வெளியேற்றியது. இங்கிலாந்து சென்று, 1934இல் அந்நாட்டுப் போட்டியில் வென்றார். உலகத்தார் செர்மனியின் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடுவாரோ என்று அஞ்சிய நாசியர், குடும்பத்தாருக்குத் தீங்கு நேருமென மிரட்டி அவரைத் திரும்ப அழைத்தனர். 1936 சூனில் அவர் 1.60 மீட்டர் தாண்டி, செர்மனியின் சாதனையைச் சமன் செய்தார். அடுத்த சில நாள்களிலே, உம்முடைய திறன் போதாது என்று கடிதம் வந்தது! பெர்லினில் வென்ற உயரம் என்ன தெரியுமா? முதலிடத்துக்கு மூவர் சமநிலையில் நின்றதும் அதே 1.60இல்தான். மறுதாண்டலில் 1.62 தாண்டி வென்றவர் அங்கேரியின் இபோயா சாக்; அவரும் யூதக் குலத்துப் பெண்! இட்லரின் அரங்கிலேயே கோல் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நீக்கப்பட்ட பெர்க்மனின் சாதனையைச் செர்மானியர் 2009இல் மீண்டும் ஏட்டில் ஏற்றினர். 103 வயதுவரை வாழ்ந்து, 2017இல் அவர் மறைந்தார். தம்மைத் தகுதியற்றவர் என்ற ஆட்சியின் சாம்பலை எழுபதாண்டுக்கு மேல் பார்த்த பிறகே மறைந்தார்.

அமெரிக்காவிலும் அடைத்தார்கள். சியார்சியா மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்த கறுப்பினப் பெண் ஆலிஸ் கோச்மன். வெள்ளையரின் பயிற்சிக்களத்தில் அவர் கால் படக்கூடாது. மண் சாலையில் வெறுங்காலுடன் ஓடினார்; கயிறும் குச்சியும் கட்டித் தாண்டிப் பழகினார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. பிரிட்டிஷ் மன்னர் தம் கையால் பதக்கம் அளித்தார். சொந்த ஊர் திரும்பியபோதோ, பாராட்டு விழா மண்டபத்திலே வெள்ளையர் ஒரு புறம், கறுப்பர் ஒரு புறம். மேடையிலிருந்த நகரத் தலைவர் அவர் கையைக் குலுக்கவும் மறுத்தார். இதைப் படிக்கும்போது தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த நம் ஊர்கள் நினைவுக்கு வரவில்லையா? அமெரிக்காவில் அது நிறம். இங்கே அது சாதி. பெயர் வேறு, பிணி ஒன்று.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். உருமேனியாவின் யோலாண்டா பாலாஷ், 1960இலும் 1964இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பத்தாண்டுக்காலம் தோல்வியே அறியாமல் தாண்டியவர். 1961இல் அவர் 1.91 மீட்டர் தாண்டினார். கத்தரி முறையைச் சற்றே மாற்றிய பழைய பாணியில் தாண்டிய உயரம் அது. ஓர் இந்தியப் பெண் அதே 1.91ஐத் தொட்டது எப்போது? 2004இல், சென்னையில், தொட்டவர் பாபி அலோசியஸ். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்று, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கிய வீராங்கனை அவர். இடையிலே 43 ஆண்டுகள்! பாலாஷின் சாதனையை 1971இல் ஆஸ்திரியப் பெண் இலோனா குசன்பவர் 1.92 தாண்டி முறியடித்தார். அந்த 1.92ஐக் கர்நாடகத்து சகானா குமாரி 2012இல் ஐதராபாத்தில் தொட்டு, இலண்டன் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். இங்கும் 41 ஆண்டு இடைவெளி. பூஜாவின் 1.89, சகானாவின் உயரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நின்றது. உலகமோ, 1987இல் பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டடினோவா மூலம் 2.09ஐயும், 2024இல் உக்ரைனின் யாரோஸ்லாவா மகுச்சிக் மூலம் 2.10ஐயும் கண்டுவிட்டது.

ஏன் இந்த நாற்பதாண்டு? "நம் பெண்களின் உடல்வாகு அப்படி" என்பார் சிலர். உடல்வாகு என்பது தலைவிதிக்கு இட்ட புதுப்பெயர். காரணம் வேறு. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க இளைஞர், கோலுக்கு முதுகைக் காட்டி, தலை முன்னே செல்ல மல்லாந்து தாண்டி, 2.24 மீட்டரில் தங்கம் வென்றார். வளைந்து ஓடிவந்து, வேகத்தை எழுச்சியாக்கி, முதுகை வில்லாய் வளைத்தால், உடல் முழுவதும் கோலுக்கு மேலே செல்லும். உடலின் எடைமையமோ கோலுக்குக் கீழேயே செல்லக்கூடும். குறைந்த ஆற்றலில் கூடுதல் உயரம்! மந்திரமல்ல, இயற்பியல். ஆனால், மல்லாந்து விழுபவருக்கு மணல் போதாது, கழுத்து முறியும். நுரைமெத்தை வந்த பிறகே அந்த முறை வாழ்ந்தது. பன்னாட்டுப் போட்டிக்கு ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் முழங்காலுக்கு மேல் உயரமும் உள்ள மெத்தை வேண்டும். அத்தகைய மெத்தை எத்தனை ஊராட்சிப் பள்ளிகளில் உண்டு? அதன்மேல் விழக் கற்றுத்தரும் ஆசிரியர் எத்தனை பள்ளிகளில் உண்டு? அவர் இருந்தாலும், பூப்பெய்திய பெண்ணை அவரிடம் அனுப்பும் வீடு எத்தனை உண்டு? நாற்பதாண்டுப் பின்னடைவு இந்த மூன்று கேள்விகளில் அடங்கிக் கிடக்கிறது.

அதிர்ஷ்டக் கதைக்கும் இந்தத் துறையிலே ஒரு மறுமொழி உண்டு. ஆறு விரல் இருந்தால் அதிர்ஷ்டம் என்பது நம்மவர் நம்பிக்கை. மேற்கு வங்கத்து சல்பைகுரியில் மிதிவண்டி ரிக்ஷா ஓட்டியவரின் மகள் ஸ்வப்னா பர்மனுக்கு இரு கால்களிலும் ஆறாறு விரல்கள். அதிர்ஷ்டமா வந்தது? எந்தக் கடைக் காலணியும் பொருந்தாமல் வலிதான் வந்தது. உயரம் தாண்டுதலிலும் வல்லவரான அவர், அந்த வலியோடு, 2018இல் சகார்த்தா ஆசிய விளையாட்டில், பல்வலிக்குத் தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஏழு போட்டிகள் அடங்கிய எழுபோட்டியில் தங்கம் வென்றார். அதில் உயரம் தாண்டுதலில் தாண்டியது 1.82 மீட்டர். வென்ற பிறகு அவர் கேட்டது, தம் கால்களுக்கேற்ற காலணி! விரலை எண்ணிச் சோதிடம் சொல்ல ஆயிரம் பேர் இருந்த நாட்டில், விரலை அளந்து செருப்புத் தைக்க ஒருவர் இல்லாமற் போனார் என்றால், நம் அறிவு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதை நீங்களே கூறுங்கள்.

படித்தோம், பெருமூச்செறிந்தோம் என்று ஏட்டை மடித்துவைப்பது இளைஞர்க்கு அழகன்று. செய்யக்கூடியவை உள்ளன; பெருஞ்செல்வம் வேண்டாதவை உள்ளன. ஊர்தோறும் மணற்குழி ஒன்று வெட்டலாம். இரு கழிகளும் ஒரு கயிறும் போதும். முதலில் கத்தரி முறையைப் பழக்கலாம். காலூன்றி இறங்கும் முறையாதலால், அதற்கு மணல் போதும். மல்லாந்து தாண்டுவதை மட்டும் மெத்தையும் பயிற்சியாளரும் இல்லாமல் முயல வேண்டாம். துணிவு வேறு, கழுத்தை முறித்துக்கொள்வது வேறு. ஒன்றியத்துக்கு ஒரு மெத்தை, ஒரு பெண் பயிற்சியாளர் என்று கேட்டு ஊராட்சியிலும் மன்றத்திலும் குரல் எழுப்பலாம். மாலையில் ஊர்த் திடல் முழுவதையும் மட்டைப்பந்தாடும் ஆண்களே வளைத்துக்கொள்ளாமல், பாதித் திடலைப் பெண்களுக்கென ஒதுக்கலாம். உன் வீட்டுத் தங்கை பெரியவளானால் சோதிடரை அழைக்காதே, மருத்துவரைக் கேள். அவர் ஓடலாம் என்பார், தாண்டலாம் என்பார். வீட்டிலே பாட்டனாரும் பாட்டியும் சீறினால், அந்தச் சீற்றத்தைத் தாங்கி நிற்பது உன் முதற்பயிற்சி.

சென்ற கோடையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆற்று மணலில் கயிறு கட்டினார்கள். என் அக்காவின் பேத்தி பதினொரு வயதுக்காரி. அவள் தாண்டியதை அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு விரல் ஏத்திக் கட்டுங்கடா" என்றாள். அவ்வளவே கூறினாள்.

உயரம் தாண்டுதலில் ஒரு விந்தை உண்டு. வென்றவரும் பெரும்பாலும் கோலை வீழ்த்தியே போட்டியை முடிப்பார். தாண்டிய உயரத்தோடு நிறைவடையாமல் அடுத்த உயரத்தைக் கேட்பதே அதற்குக் காரணம். ஆகவே, கோல் விழுவது எவருக்கும் இழிவாகாது. நம் பெண்களுக்குக் கோலே வைக்காமல் ஒரு தலைமுறையைக் கழித்தோம். இன்னொரு தலைமுறையையும் அவ்வாறே கழிப்போமானால், அதுதான் இழிவு. கழிகளை நடுங்கள், தோழர்களே! அவர்கள் கேட்கும் உயரத்தில் கோலை வையுங்கள். வைத்துவிட்டு வழியை விட்டு விலகி நில்லுங்கள்.